உன் நான்கு கவிதைகள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முதல் கவிதையைத் திரும்பப் படித்தேன், மூடி வைத்துவிட்டேன். இப்படியே மூன்று தடவை. இன்றைக்கு வீட்டில் யாருமில்லை, சின்னவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், அவர் வேலைக்குப் போய்விட்டார், நடுவில் அழுதாலும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இன்று முடித்துவிடுவேன்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். “26 வாரம்தானே, இதற்குப் போய் இவ்வளவு எழுதலாமா?” என்று கேட்டிருக்கிறாய். இது உன் கேள்வி இல்லை, யாரோ உன் காதில் போட்டது. என் பையன் 36 வாரத்தில் வயிற்றிலேயே போனான். என்னிடம், “பிறந்து நாலு நாள் கொஞ்சிவிட்டுப் பறிகொடுத்திருந்தால் இன்னும் தாங்காதே” என்றார்கள். நாலு நாள் இருந்து போன பிள்ளையின் தாயிடம், “முகம் பழகுவதற்குள் போனதே” என்பார்கள். எந்த வாரத்தில் போனாலும் அதைக் கொஞ்சம் குறைத்துக் காட்ட ஒரு வாசகம் தயாராக இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நம் முகத்தைப் பார்க்க முடியாமல் எதையாவது சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த வாசகம் நமக்குள்ளேயே தங்கிவிடுகிறது, பார், அதுதான் கொடுமை.

இந்த வாரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன். நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதற்கு உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்தைக் கோடாக வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு உயிரில்லாமல் பிறக்கிற குழந்தைகள் மட்டுமே உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம். பிரிட்டனில் அந்தக் கோடு 24 வாரம், அமெரிக்காவில் பொதுவாக 20. அப்படிப் பார்த்தால் உன் குழந்தை ஒரு பதிவேட்டில் இறந்து பிறந்த குழந்தை, இன்னொன்றில் அந்தப் பெயர்கூடக் கிடைக்காது. புள்ளிவிவரத்துக்கு ஒரு கோடு வேண்டும், அது எனக்குப் புரிகிறது. உனக்கு எதற்கு அந்தக் கோடு? நீ படுத்ததும் இடது பக்கம் உதைக்கும் என்று எனக்கு எழுதினாயே, அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பள்ளியில் நாம் படித்த புறநானூற்றுப் பாட்டு ஒன்று நினைவிருக்கிறதா? சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டு, அது காலந்தாழ்த்தி வந்தபோது குடிக்காமலே உயிரை விட்டானே, அவன் பாடியது. 74-ஆம் பாட்டு. மானத்துக்கு எடுத்துக்காட்டு என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். அந்தப் பாட்டின் தொடக்கம் இது:

“குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்
ஆள்அன்று என்று வாளின் தப்பார்”

பிள்ளை இறந்து பிறந்தாலும், உருக்கூடாத வெறும் தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், ‘இது ஆள் இல்லை’ என்று விட்டுவிட மாட்டார்களாம். வீரனுக்கு உரிய வாள்வெட்டை அதற்கும் கொடுத்துத்தான் அடக்கம் செய்வார்களாம். பதினான்கு வயதில் இதைப் படித்தபோது பயமாக இருந்தது. பையனை இழந்த பிறகு ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அந்த ‘ஆள் அன்று’ என்ற இரண்டு சொல் தானாக மேலே வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அரசன் தன் மானத்தைச் சொல்வதற்காக அந்தக் குழந்தையைப் போகிற போக்கில்தான் சொல்கிறான், அதைப் பெற்றவள் அந்தப் பாட்டில் எங்கேயும் இல்லை, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. வாளையும் நான் ஏற்கவில்லை. ஆனாலும் எத்தனை மாதம், எத்தனை வாரம் என்று அவர்கள் கேட்கவில்லை. பிறந்தது எதுவானாலும் அது ஓர் ஆள். நீ எழுதலாமா என்றால், எழுத வேண்டும். உன் கவிதை செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான்.

சரி, கவிதைகளுக்கு வருகிறேன். என்னிடம் நீ உண்மையைத்தான் எதிர்பார்ப்பாய்.

முதல் கவிதையைத் தொடவே தொடாதே. 

மூன்றாம் நாள்
யாரும் அழாமலே
ரவிக்கை நனைந்தது

மூன்றே வரி. இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் கெட்டுவிடும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் ஒரு ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது, பால் சுரக்கச் சொல்லும் உத்தரவு அதுதான். குழந்தை இருக்கிறதா இல்லையா என்று உடம்பு கேட்பதில்லை. எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மார் கல்லாகி, கையைத் தூக்க முடியாமல், துணி மாற்றி மாற்றி, குளியலறையில் நின்றபடி அழுதது நினைவிருக்கிறது. உன் கவிதையில் ‘பால்’ என்ற சொல்லே இல்லை. ‘யாரும் அழாமலே’ என்று எழுதியிருக்கிறாய், அந்த ‘யாரும்’ யார் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது கவிதை எனக்குப் பிடிக்கவில்லை. மலராத மொட்டு, வானத்து நட்சத்திரம், கடவுள் திருப்பி எடுத்துக்கொண்ட பரிசு. இதையெல்லாம் எழுதாமல் யாரும் தாண்டியதில்லை, என் நோட்டிலும் நாலு பக்கம் நட்சத்திரம் இருக்கிறது. ஆனால் மொட்டு என்றதும் படிக்கிறவருக்குக் கண் கலங்கும், உடனே ஆறிவிடும், அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். உன் குழந்தை எங்கே அதில்?

இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். செத்தவரைப் பற்றிய பாட்டுக்கு நினைவு வேண்டும். நம் கையறுநிலைப் பாட்டுகளில் புலவர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, செத்துப்போன அரசன் கொடுத்தது, அவன் நின்ற களம், அவனோடு இருந்த நிலா. ஜெர்மனியில் ரூக்கெர்ட் என்ற கவிஞர் காய்ச்சலில் இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு 1833, 1834-இல் 428 கவிதைகள் எழுதினார். அவருக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் இருந்தது, குரல் இருந்தது, கதவைத் திறந்துகொண்டு ஓடிவருகிற காட்சி இருந்தது. பிள்ளைத்தமிழ்கூடப் பிள்ளைக்கு மூன்றாம் மாதம் ஆன பிறகுதான் பாடத் தொடங்குகிறது. நமக்கு என்ன இருக்கிறது? சில உதை, ஒரு விக்கல், ஒரு பெயர். அவ்வளவையும் வைத்துக்கொண்டு மேகத்தையும் பூவையும் கடன் வாங்காமல் எழுத வேண்டும். கையறுநிலை என்ற பெயர் மட்டும் நமக்கே வைத்தது மாதிரி இருக்கிறது. எனக்கு மாதக்கணக்கில் இரண்டு கையும் வலித்தது, தூக்காத பிள்ளைக்காகக் கை வலிக்குமா என்று யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பிள்ளை இழந்த எத்தனையோ தாய்கள் இதையே சொல்கிறார்கள்.

மூன்றாவதில் ‘பிறந்தது’ என்ற சொல்லில் ஒரு மெய்யெழுத்தை எடுத்தால் ‘இறந்தது’ என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை படித்தபோது அடிவயிற்றில் பிடித்தது. இரண்டாம் தடவை, இது தமிழ் செய்த வேலை, நீ செய்தது இல்லை என்று தோன்றியது. ஆனால் கடைசியில், அறைக்கு வெளியே இன்னொரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டு உன் அம்மா கதவைச் சாத்தப் போனதையும், நீ ‘சாத்தாதே’ என்றதையும் எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் வைத்துக்கொண்டு மேலே உள்ளதை அடித்துவிடு. அந்தக் கதவு போதும்.

இங்கிலாந்தில் மேரி கேரி என்று ஒருவர், தனக்குக் கரு கலைந்து பிறந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு கவிதை எழுதினார். தலைப்பிலேயே நாளைக் குறித்திருக்கிறார், 1657 டிசம்பர் 31. நாளைப் போட்டதே எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் அந்தக் கவிதையில், கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டு, தான் உயிரில்லாத பக்தி செலுத்தியதால் உயிரில்லாத கனி கிடைத்தது என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். மூன்றரை நூற்றாண்டு தாண்டியும் நாம் அதையேதான் செய்கிறோம். அன்றைக்குப் படி ஏறினேனா, கோபப்பட்டேனா, இடது பக்கம் திரும்பிப் படுக்காமல் விட்டேனா. படி ஏறியதாலும் கோபப்பட்டதாலும் ஒரு குழந்தை போவதில்லை. நஞ்சுக்கொடியில் கோளாறு, தொப்புள்கொடி, தொற்று, ரத்த அழுத்தம் என்று காரணங்கள் உண்டு, எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் தெரியாமல் போவதும் நிறைய உண்டு. எனக்கு அப்படித்தான், ‘தெரியவில்லை’ என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் ‘நான்தான் கவனிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். கவிதையில் வந்தால் வரட்டும், அது உண்மையான வேதனை. ஆனால் அதை நம்பாதே.

என் பையனை நான் பார்க்கவில்லை என்று உனக்குத் தெரியும். பார்த்தால் மறக்க முடியாது, வேண்டாம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள், எனக்கும் தெம்பில்லை. அவர் பார்த்தார். ஆறு வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருஷம் ஒருநாள் சின்னவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார், பாதியில் நிறுத்திவிட்டு, “அவனுக்கும் நகம் வளர்ந்திருந்தது. வெட்டணும் போல இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான், மீண்டும் வெட்டத் தொடங்கிவிட்டார். அன்று ராத்திரி எழுதினேன், இத்தனை வருஷத்தில் நான் அடிக்காமல் வைத்திருக்கும் ஒரே கவிதை:

நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை.
பத்து விரலிலும்
நகம் வளர்ந்திருந்தது என்றாய்.
ஆறு வருடமாக
யாரும் வெட்டாத நகம்.

உன் வீட்டுக்காரரிடமும் கேள். அவர் எழுதமாட்டார், பேசவும் மாட்டார், ஆனால் அவரிடம் ஏதோ ஒன்று இருக்கும்.

அப்புறம் ஒரு செய்தி. வயிற்றில் இருந்த பிள்ளையின் செல்கள் சில தாயின் ரத்தத்திலேயே தங்கிவிடும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆண்பிள்ளை சுமந்த பெண்களிடம் 27 ஆண்டு கழித்தும் அந்தச் செல்கள் இருந்திருக்கின்றன. இதைப் படித்த அன்று நான் வேறெதுவும் செய்யவில்லை. ஆறுதலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காவது கவிதை, ஸ்கேன் படம் பற்றியது, அது இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறேன். கறுப்புக்குள் ஒரு வெளுப்பு என்று தொடங்கி நிறுத்திவிட்டாய். அவசரமில்லை. ஆனால் படத்துக்கு அவசரம். அது சூடு பட்டு அச்சாகிற தாள், வருஷம் போகப் போக மங்கிவிடும். என்னுடையதை டைரிக்குள் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், இப்போது மூக்கு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் உன் படத்தைப் போனில் நாலைந்து தடவை போட்டோ எடுத்துவிடு, எனக்கும் ஒன்று அனுப்பி வை, இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். இரண்டு நாள் தங்குவேன். என் பையனுக்கு நான் வைத்திருந்த பெயரை இதுவரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை, வந்து சொல்கிறேன். நீயும் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரி