சாந்திக்கு, கயல் படிக்க நினைக்கும் மழைக்கணக்கு பற்றி

அன்புள்ள சாந்தி,

நீ எழுதியது கிடைத்து இருபது நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் வெள்ளையடிப்பு, அது முடிவதற்குள் அண்ணன் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்கினார். உன் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் எப்படி?

சரி, கயல் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவள் பருவமழையை ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள், வங்கித் தேர்வு எழுதச் சொல்லி நீயாவது புத்தி சொல் என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்ல மாட்டேன் சாந்தி. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

சுலோசனா காட்கில் என்று ஒருவர் இருந்தார். 2025 ஜூலையில் இங்கே பெங்களூரில் காலமானார், 81 வயது. புனேயில் பிறந்து, ஹார்வர்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவுக்குத் திரும்பியவர். கணவர் மாதவ் காட்கில், மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையால் பெயர் கேள்விப்பட்டிருப்பாய். அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். இருவரும் திரும்பி வந்தார்கள், 1973இலிருந்து சுலோசனா இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில்தான் வேலை பார்த்தார்.

பள்ளியில் நாம் என்ன படித்தோம்? வெயிலில் நிலம் சூடாகிறது, கடல் அவ்வளவு சூடாவதில்லை, அதனால் கடற்காற்று உள்ளே வீசி மழை தருகிறது என்று. 1686இல் ஹாலி சொன்னது அது, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலி. சுலோசனா இதை ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் நிலம் கொதிக்கிற மே மாதத்தில்தானே மழை கொட்ட வேண்டும், மழை பொய்த்த வருடங்களில் நிலம் இன்னும் அதிகமாகத்தானே காய்கிறது, அப்போது ஏன் மழை குறைகிறது என்று கேட்டார். நீயும் நானும் அந்தப் பாடத்தை எத்தனை முறை மனப்பாடம் செய்தோம், ஒரு தடவையாவது இப்படிக் கேட்கத் தோன்றியதா? அவரும் சிக்கா என்ற வானிலையாளரும் செயற்கைக்கோள் படங்களை நாள் நாளாக எடுத்துவைத்துப் பார்த்து 1980இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெப்பமண்டலத்தைச் சுற்றிக்கிடக்கும் மேகப்பட்டைதான் ஜூனில் நம் நிலத்தின்மேல் ஏறி உட்காருகிறது, அது தளரும்போது தெற்கே கடல்மேல் புதிதாக ஒரு பட்டை கிளம்பி, சில வாரங்களுக்கு ஒருமுறை வடக்கே நகர்ந்து வந்து அதற்கு உயிர் கொடுக்கிறது. மழை நடுவில் நின்றுபோய் நீ வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே, அந்த நாட்களில் இந்தப் புதுப் பட்டை இன்னும் வந்து சேரவில்லை.

இதைக் கணினிக்குள் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் மூன்றுக்கும் சமன்பாடு போடுகிறார்கள். ஒரு மேகமோ அந்தக் கட்டத்தைவிடச் சின்னது, அதனால் அதை உத்தேசமாகத்தான் எழுத வேண்டும். உலகத்தின் பல நாடுகளில் இப்படி எழுதிய முப்பது கணினி மாதிரிகளை எடுத்து அவர் 1998இல் சோதித்தார். கடல் வெப்பத்தை உள்ளது உள்ளபடியே கொடுத்தும், பலவற்றில் மழைப்பட்டை நிலத்துக்கு ஏறாமல் கடலிலேயே தங்கிவிட்டது.

வானிலை அறிவிப்பை நம்பி விதைத்து விதைக்கடலை போனது பற்றி எழுதியிருந்தாய், அந்த வலி எனக்குப் புரிகிறது. 1997இல் பெரிய எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற நிலை, பஞ்சம் வரும் என்று பயந்தார்கள், மழை நன்றாகவே பெய்தது. 2002இல் இயல்பான மழை என்று முன்கணிப்பு, ஜூலையில் பாதிதான் பெய்தது, பருவம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் 19 சதவீதம் குறைவு. சுலோசனா அதோடு விடவில்லை. பசிபிக் கடலை மட்டும் பார்த்தால் போதாது, இந்தியப் பெருங்கடலில் பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கே ஆப்பிரிக்கா பக்கம் மேகம் கூடுகிறதா, கிழக்கே சுமத்ரா பக்கம் கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும், மேற்கே கூடினால் நமக்கு நல்லது என்று 2004இல் காட்டினார். தவறிய கணிப்பை மூடி மறைக்காமல் ஏன் தவறியது என்று எழுதுகிற துறை இது. வேறு எத்தனை வேலையில் அதைப் பார்க்கிறோம், சொல்.

இனி உனக்காகவே எழுதுவது. கர்நாடகத்தில் பாவகடா என்று ஒரு வறண்ட பகுதி, அனந்தப்பூரை ஒட்டி இருக்கிறது. அங்கே உன்னைப் போலவே மானாவாரிக் கடலை, அதுவும் நம் திண்டிவனத்தில் உருவான டி.எம்.வி. 2 ரகம். சுலோசனாவின் குழு அந்த விவசாயிகளோடு உட்கார்ந்து பேசியது. முன்பு பல தானியம் கலந்து விதைத்தபோது எப்போது விதைப்பது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும், கடலை மட்டுமே போட ஆரம்பித்த பிறகு அந்தப் பட்டறிவு கைகொடுக்கவில்லை. அதனால் பல பத்தாண்டு மழைக் கணக்கை பயிர் விளைச்சலைக் கணக்கிடும் ஒரு கணினி மாதிரிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜூன் கடைசியில் முதல் மழைக்கே அவசரப்பட்டு விதைப்பதைவிட ஜூலை நடுவுக்கு மேல் விதைத்தால் நஷ்ட அபாயம் குறைவு என்று வந்தது. ஜூலை நடுவென்றால் ஆடிதானே சாந்தி! உன் ஊர் மழை வேறு, அந்தத் தேதி அப்படியே உனக்குப் பொருந்தாது. ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு உன் மாமனார் ஞாபகம்தான் வந்தது, ஆடிப்பட்டம் தவறக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

2006இல் இன்னொன்றும் எழுதினார். விவசாயத்தின் பங்கு குறைந்துவிட்டது, மழை பொய்த்தால் நாட்டுக்கு இப்போது பெரிதாக ஒன்றும் ஆகாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடும் வறட்சி வந்தால் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 முதல் 5 சதவீதம் அன்றும் போனது, இன்றும் போகிறது என்று அவரும் இன்னொருவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நல்ல மழை வருடத்திலும் மானாவாரி விவசாயிக்குக் கிடைக்கிற லாபம் குறைவுதான், மழை வருமா என்று தெரியாமல் உரத்துக்கும் மருந்துக்கும் யார் துணிந்து காசு போடுவார்கள் என்று அதில் கேட்கிறார். இதைத்தான் நீ பத்து வருடமாக எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய்.

கயலுக்கு இந்த வேலையில் சீக்கிரம் காசு வராது, ஐந்தாறு வருடம் உதவித்தொகையில்தான் ஓட்ட வேண்டும், அதை நான் மறைக்கவில்லை. இங்கே வந்தால் என்னோடு தங்கட்டும், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு வேலை. உன் மாமனார் விதைத்த நாளையும் மழை பெய்த நாளையும் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து, கம்பியில் கோத்து வைத்திருந்தாரே, அந்தக் கட்டு இன்னும் பரணில் இருக்கிறதா? பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது போகியில் போட்டுவிடாதே. எடுத்துத் தூசி தட்டி கயலிடம் கொடு.

அன்புடன்,
மீனாட்சி