கல்லடி வளவுக்கு ஒரு மீன்பெட்டித் தோட்டம்

சம்மாந்துறை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீடு பூசி முடிந்த செய்தி சந்தோசம். பின்பக்கம் மிஞ்சிய இடத்தில் பீவீசீ குழாய் பூட்டி, பம்பு வைத்து, மண்ணில்லாமல் சலாது நடலாமா என்று கேட்டிருந்தாய். நடலாம். ஆனால் குழாயும் பம்பும் இப்போதைக்கு வேண்டாம். குழாய்க்குள் ஓடுவது மெல்லிய படலமாய்க் கொஞ்சத் தண்ணீர்தான். கரண்ட் போய் பம்பு நின்றால் கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் செடி தொங்கிவிடும். தண்ணீர் அசையாமல் நிற்கும் பெட்டியில் தொடங்கு. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கிராட்கி என்பவர் விளக்கி எழுதிய முறை அது. மோட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

பெட்டிக்கு முந்தி கிணற்றைப் பார். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேல் இருக்கிற ஊர் உன் கல்லடி. ஒரு வளவில் நல்ல தண்ணீர், அடுத்த வளவில் சவர். நாக்கை நம்பாதே, தண்ணீரில் கரைந்த உப்பை மின்கடத்தலால் அளக்கிற, பேனை மாதிரி வருகிற ஒரு ஈசி மீற்றர் வாங்கு. முழுச் செலவிலும் உருப்படியான செலவு அதுதான். சலாதுக்குக் கரைசல் 1.2 முதல் 1.6 வரை காட்ட வேண்டும். உரமும் ஒரு உப்புத்தான். மீற்றருக்கு இரண்டும் ஒன்று. உன் கிணறே 1.2 காட்டினால் உரத்துக்கு எங்கே இடம்? அந்த 1.2 பெரும்பாலும் கறியுப்பு. 0.5க்குக் கீழ் என்றால் அப்படியே பாவி. கூடினால் கூரை மழைத்தண்ணீரைப் பிடித்து, மூன்று வாளிக்கு ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் சேர், 1.2 இருந்தது 0.3 அளவுக்கு இறங்கும். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு இரவு திறந்து வைத்து குளோரினைப் போகவிடு.

பெட்டிக்கு நீ அலையத் தேவையில்லை. மீன் வாடியில் கழிக்கிற ரெஜிபோம் பெட்டி, அந்த வெள்ளை நுரைப் பெட்டி போதும். உள்ளளவு 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 20 ஆழம் இருந்தால் ஏறக்குறைய 45 லீற்றர் பிடிக்கும். அடியில் ஐஸ் தண்ணீர் வடிகிற ஓட்டை இருக்கும், உப்பும் ஊறியிருக்கும். கழுவிக் காயவைத்து, உள்ளே கறுப்புப் பொலித்தீனை ஒரே துண்டாக, வெட்டு விழாமல் விரி. 45 லீற்றர் என்றால் 45 கிலோ. நிரப்பின பிறகு தூக்கினால் அடி பிளக்கும். மட்டமான கல்லின்மேல் வைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே நிரப்பு.

மூடியில் 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஆறு ஓட்டை. யோகட் கப்பின் விளிம்பு தொங்கி நிற்கிற அளவு போதும். பெரிதாய் வெட்டினால் கப் உள்ளே விழும். கப்பின் அடியிலும் பக்கத்திலும் சூடாக்கிய கம்பியால் பத்துப் பன்னிரண்டு துளை போடு. அடியில் கொஞ்சம் தும்பு, மேலே தும்புத்தூளும் கருக்கிய உமியும் பாதிக்குப் பாதி. உமிக்கு இங்கே ஆலைகளில் குறைவில்லை, ஒரு பை அனுப்பிவிடுகிறேன். தும்புத்தூளை மட்டும் சும்மா பாவிக்காதே. உவர்த் தண்ணீரில் ஊறின மட்டையிலிருந்து வந்ததென்றால் அதுவே உப்பு மூட்டை. மூன்று தண்ணீரில் அலசிப் பிழி, கடைசித் தண்ணீரை மீற்றரால் பார்.

உரத்துக்கு, விவசாயக் கடையில் அல்பேர்ட் கலவை என்று கேள். லீற்றருக்கு ஒரு கிராம் கணக்கில் 45 கிராமை நிறுத்து, ஒரு வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, பிறகு பெட்டியில் ஊற்று. மீற்றர் காட்டுவதைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் நம் வெக்கையில் செடி உரத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் உறிஞ்சும். நாள் போகப்போகக் கரைசல் தானாகவே தடிக்கும். அதனால் குறைவில் தொடங்குவதே புத்தி. இரண்டு பொதியாய் வருகிற உரம் என்றால் ஒன்றை முழுத் தண்ணீரிலும் கரைத்த பிறகுதான் மற்றது. இரண்டையும் செறிவாகச் சேர்த்தால் கல்சியம் வெள்ளைப் பொடியாய் அடியில் படியும், பிறகு செடிக்கு உதவாது.

கரைசலின் புளிப்பைக் காட்டுகிற பீ.எச். அளவு 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்கட்டும். கூடினால் குறைக்கத் தேசிக்காய் பிழியச் சொல்வார்கள். அது சில நாளுக்குத்தான். பக்டீரியா அந்த அமிலத்தைத் தின்றுவிடும், கூடவே வேரில் வழுவழுப்பும் வரும். பொஸ்போரிக் அமிலம் நல்லது. அமிலத்தைத் தண்ணீருக்குள் விட வேண்டும், மாறிச் செய்யாதே. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் உடனே உரத்தைக் கூட்டாதே. பெரும்பாலும் இரும்பு கரைசலில் இருக்கும், பீ.எச். ஏறியதால் செடியால் எடுக்க முடியாமல் நிற்கும்.

இனி முக்கியமான இடம். முதல் நாள் கப்பின் அடி ஒரு சென்ரிமீற்றர் தண்ணீரில் நனைய வேண்டும். பிறகு தண்ணீர் இறங்கட்டும், இறங்கத்தான் வேண்டும். பத்து நாளில் மூடியைத் தூக்கிப் பார்த்தால் வேர் இரண்டு விதமாய் இருக்கும்: கீழே நீளமாய் நூல் போலத் தண்ணீருக்குள், மேலே பஞ்சு போல வெள்ளைப் பூவேர் ஈரக் காற்றில். அந்த மேல்வேர்தான் மூச்சு. தண்ணீர் குறைந்துபோச்சே என்று இரக்கப்பட்டு வீட்டில் யாராவது விளிம்பு வரை நிரப்பினால், அடுத்த நாளே செடி வாடும். தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். நிரப்பத்தான் வேண்டுமென்றால் பெட்டியின் பாதி ஆழத்துக்கு மேல் போகாதே. மூலையில் ஒரு சின்னத் துளை போட்டு ஈர்க்கு விட்டு அளந்தால் மூடியைத் தூக்கவும் தேவையில்லை.

வெக்கைதான் அடுத்த பகை. 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். வேர் கபிலமாகி, இழுத்தால் தோல் கழன்று, நாற்றம் அடித்தால் அழுகல் பிடித்துவிட்டது. பெட்டியைக் கொட்டிக் கழுவு, மருந்து தேடாதே. காலை வெயில் போதும், பதினொரு மணிக்குப் பிறகு நிழல் வலை. கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளுத்திச் சடங்கு முடிந்து கச்சான் அடிக்கிற மாதங்களில் சலாதை விட்டுவிடு. கசந்து, பூத்தண்டு எறியும். விதையும் 30 பாகைக்கு மேல் முளைக்க அடம்பிடிக்கும். ஈரத்துணியில் சுற்றி ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, பின்னேரத்தில் போடு.

அதனால் முதல் பெட்டிக்கு என் தெரிவு கங்குன் கீரை. சந்தையில் வாங்கின கட்டிலேயே நல்ல தண்டாய் நாலைந்து எடுத்துச் செருகு, சில நாளில் வேர் விடும். அதன் தண்டு குழாய், காற்றை வேருக்கு அதுவே இறக்கிக்கொள்ளும். சூட்டுத் தண்ணீரும் அதற்குப் பெரிதில்லை. ஆனால் மாடு மாதிரிக் குடிக்கும். வாரம் ஒருமுறை அரை வலுவில் கரைசல் சேர்க்க வேண்டிவரும். மிளகாய், தக்காளி ஆசை இருந்தால் அது தும்புத்தூள் பையில், பெட்டியில் வேண்டாம்.

வெறும் ஓட்டை ஒன்றையும் திறந்து விடாதே. வெளிச்சம் உள்ளே போனால் பாசி, நுளம்பு உள்ளே போனால் டெங்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து மூடியைத் தூக்கினால் தோட்டக் கதை எடுபடாது. மாரி மழையில் பெட்டி தாழ்வாரத்துக்கு உள்ளே இருக்கட்டும், இல்லாவிட்டால் உரம் முழுக்க வழிந்தோடும்.

அறுவடை முடிந்து மிஞ்சுகிற கரைசலை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்று. கிணற்றுப் பக்கம் வேண்டாம். உன் மணலில் நைத்திரேற்று நேரே கீழே இறங்கி, குடிக்கிற தண்ணீருக்குள் வந்துவிடும். கிணறு எத்தனை காட்டுகிறது என்று எழுது. கலக்கிற கணக்கை அதைப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்