மீனாவுக்கு, பழைய நிரல் பற்றி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார் என்றதும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கயல் பிளஸ் டூ வந்துவிட்டாள். வீட்டில் டிவி சத்தமே கேட்பதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸில் பழைய பில்லிங் கோடை (நிரலை) மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதலாம் என்று பேச்சு அடிபடுகிறது, உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். காரணம் சொல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை, கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்க நீ தினமும் தொடும் 'கிட்' (Git) மென்பொருளே போதும். கொஞ்ச காலமாக அதன் சோர்ஸ் கோடையும், கமிட் என்னும் மாற்றப் பதிவுகளின் வரலாற்றையும்தான் ராத்திரியில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் வழி அடைபட்டதும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதன் மையப் பகுதியான கெர்னலுக்காக அவசர அவசரமாக எழுதியது அது. அந்த ஜூலையிலேயே பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. இன்றும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஆரம்பத்தில் சி மொழியில் சின்னச் சின்ன நிரல்கள், அவற்றைக் கோத்துக் கட்ட ஷெல், பெர்ல் ஸ்கிரிப்ட்கள், அவ்வளவுதான். இதற்குள் உலகமே தன் வேலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. கோயில் திருப்பணி என்றால் பாலாலயம் செய்துவிட்டுக் கருவறையில் கை வைக்கலாம். கிட்டுக்கு அந்த வசதி கிடையாது. பூஜை நடக்கும்போதே தூணை மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுகிறார்கள் என்பதற்கு, கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் எடுத்து அடுக்கும் ரீபேஸ் கமாண்ட் நல்ல உதாரணம். ஷெல்லில் இருந்த வரை அது விண்டோஸில் நத்தை வேகம். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் புது பிராசஸ் கிளப்ப வேண்டியிருந்தது. 2018இல் அதை சி-க்குக் கொண்டுவந்தார்கள். அதில் பெரும் பங்கு கூகுள் சம்மர் ஆஃப் கோட் மாணவர்களுடையது. ஆனால் பழைய ஸ்கிரிப்டை உடனே அழிக்கவில்லை. புதியது சொதப்பினால் பழையதற்குத் திரும்ப ஒரு செட்டிங் கொடுத்தே கிட்டின் 2.20 வெர்ஷனை வெளியிட்டார்கள். நம்பிக்கை வந்த பிறகுதான் பழையது போனது.

என்னை மிகவும் பாதித்தது ஹாஷ் கதை. கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஃபைலுக்கும் பெயரே அதன் ஷா-1 ஹாஷ்தானே, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரி. அது 20 பைட், எழுதினால் 40 எழுத்து. இந்த 20ம் 40ம் கோட் முழுக்க வெறும் எண்ணாகவே இறைந்து கிடந்தன. ஹாஷ் மாறும் நாள் வரும் என்று யாரும் இடம் விட்டு எழுதவில்லை. 2015இலேயே அந்த வெறும் பைட் வரிசைகளை எடுத்துவிட்டு, ஹாஷுக்கென்று தனி ஸ்ட்ரக்ட் (தரவு வகை) போடும் பேட்ச்கள், அதாவது சின்னத் திருத்தங்கள், வரத் தொடங்கின. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பெயர் மாற்றமாகத்தான் தெரிந்திருக்கும். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யுஐ ஆய்வு நிலைய ஆய்வாளர்களும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை வெளியிட்டார்கள். இனி அந்தப் பெயரை நம்ப முடியாது என்றாகிவிட்டது. கிட் முதலில் அத்தகைய தாக்குதலைக் கண்டுபிடிக்கும் ஷா-1 நிரலுக்கு மாறிக்கொண்டது. நிரந்தரத் தீர்வு அந்தப் பெயர் மாற்றங்களின் மேல்தான் எழுந்தது. ஃபங்ஷன் ஃபங்ஷனாக மாற்றி, டெஸ்ட்களில் கையால் எழுதியிருந்த 40 எழுத்துப் பெயர்களையும் தேடி எடுத்து, 2020 அக்டோபரில் 2.29இல், இன்னும் வலுவான ஹாஷான ஷா-256 சோதனை நிலையில் வந்தது. புது ரிபாசிட்டரிக்கு (கிட் கோடைச் சேர்த்து வைக்கும் கிடங்குக்கு) அதுவே இயல்புநிலை ஆவது 3.0இல்தான் என்று திட்டம். இதையே ஒரே வீச்சில் மாற்றியிருந்தால் எவரால் ரிவ்யூ செய்திருக்க முடியும், சொல்?

கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் விஷயத்திலும் அதே நிதானம். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமான சி99இன் வசதிகளை எல்லோருடைய கம்பைலரும் ஏற்குமா என்று ஊகிக்காமல், ஒரே இடத்தில் மட்டும் பயன்படுத்தி ரிலீஸ் செய்வார்கள். எங்கோ ஒரு பழைய மெஷினில் கட்ட முடியவில்லை என்றால் புகார் வரும், அந்த ஒரு இடத்தைத் திருப்பிவிடலாம். சில ரிலீஸ் வரை சத்தமே இல்லையென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆபத்தான ஃபங்ஷன்களுக்கு மட்டும் தயவு தாட்சண்யம் இல்லை. 2018 முதல், இடம் போதுமா என்று பார்க்காமல் எழுத்துகளை நகலெடுக்கும் எஸ்டிஆர்காப்பி (strcpy) என்று எழுதினாலே கம்பைல் ஆகாது, 'மன்னிக்கவும், இது தடை செய்யப்பட்ட ஃபங்ஷன்' என்கிற தொனியில் எரர் வரும்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டைல் சரியில்லை என்பதற்காக மட்டும் பழைய கோடைத் தொடாதே என்கிறார்கள். அந்த இடத்தில் உண்மையான வேலை வரும்போது, முன்னேற்பாடாகச் சுத்தம் செய். உங்கள் டீமில் இளைஞர்கள் எல்லா ஃபைலையும் ஒரே நாளில் ஃபார்மேட் செய்துவிடத் துடிக்கிறார்கள் என்றாயே, அவர்களுக்கு இதைச் சொல். புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கத் தகுந்த வேலையும் கிட்டில் உண்டு. பழைய டெஸ்ட்களில் கிட் கமாண்டின் விடையைப் பைப் வழியாக, சொல் தேடும் கிரெப் என்ற கமாண்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கிட்டே கிராஷ் ஆனாலும் ஷெல் பார்ப்பது கிரெப்பின் முடிவை மட்டும்தான், டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். அப்படிப்பட்ட இடங்களைத் திருத்துவது புதியவருக்கு அளவான முதல் பேட்ச்.

இப்போது கிட்டுக்குள் ரஸ்ட் என்ற நிரல் மொழி வருகிறது. 2.52இல் விருப்பப்பட்டால் மட்டும் சேர்க்கலாம், 3.0இல் கட்டாயமாகும் என்கிறார்கள். ரஸ்ட் கம்பைலரே இல்லாத நான்ஸ்டாப் சர்வர் போன்ற மெஷின்களில் கிட்டை நம்பியிருப்பவர்கள் கவலைப்படுகிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனாலும் மெமரித் தவறுகளைக் கம்பைலரே பிடித்துத் தரும் மொழியை ஒதுக்கிவைக்க முடியாது என்பதே என் கட்சி.

உங்கள் மீட்டிங்குக்கு முன் ஒன்று செய். வரி கணக்கிடும் பகுதியை மட்டும் எடுத்து, அது இன்று தரும் விடைகளை, தப்பான விடைகள் உட்பட, டெஸ்டாக எழுதி வை. அப்புறம் அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றிக் காட்டு. அந்தக் கோடில் இப்போது டெஸ்ட் எவ்வளவு இருக்கிறது, அதை முதலில் எழுதியவர்கள் யாராவது இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று எனக்கு எழுது. அவர்களிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
சுமதி