பூச்சிப் படங்கள் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அணைக்கட்டு ஒன்றியம், வேலூர் மாவட்டம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால் கடைசிப் பக்கமெல்லாம் பூச்சிப் படமாக இருக்கிறது என்று உங்களில் பலர் என்னிடம் சொன்னீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வந்தது. சில வீடுகளில் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து கிழிக்காதீர்கள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் உங்கள் வீட்டுப் பேச்சு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா கடை வைத்திருக்கிறார். "இந்த வெயில்ல வியாபாரமே இல்ல, உட்கார்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மகள் வரைந்த படத்தில், அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய ஈயின் முதுகில் உட்கார்ந்து, அதன் உணர்கொம்பு இரண்டையும் ஹேண்டில்பார் மாதிரிப் பிடித்து ஓட்டுகிறார். பின்னால் சரக்கு மூட்டை. வால் பக்கம் டிஎன் 23 என்று நம்பர் பிளேட் வேறு! அந்த அப்பாவிடம் காட்டியபோது அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று பாட்டி சொன்னதைக் கேட்ட இன்னொரு பையன், குளவிக்கு வெள்ளைப் புடவை கட்டி, கையில் பை கொடுத்து, நர்சம்மாவாக ஆக்கிவிட்டான்.

எனக்கு மிகவும் பிடித்தது கத்தரிக்காய்ப் படம்தான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்தரிக்காய் நம் ஊர்ப்பக்கத்துச் சொத்து; அதில் புழு விழுவதைப் பற்றிப் பேசாத வீடு இங்கே இருக்காது. படத்தில் புழு காய்க்குள் பாய் விரித்துப் படுத்திருக்கிறது, வெளியே "வீடு காலி இல்லை" என்று பலகை தொங்குகிறது. இதைப் பார்த்த வகுப்பு, "வாசலே இல்லாம உள்ள எப்படி டீச்சர் போச்சு?" என்று கேட்டது. அன்றைக்குப் பாடமே அதுதான். அந்துப்பூச்சி செடியில் முட்டை இடுகிறது, பொரித்த சிறு புழு காயைத் துளைத்து உள்ளே போய், வந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடுகிறது. நாம் பார்க்கும் பெரிய ஓட்டை, புழு வளர்ந்து வெளியேறும்போது போட்டது. விவசாய வீட்டுப் பிள்ளைகள் இதை மறக்க மாட்டார்கள்.

படம் வரைய வரைய உற்றுப் பார்ப்பதும் வருகிறது. முதலில் ஈக்கு நான்கு கால் போட்டவர்கள், இப்போது ஆறு காலையும் நடு உடம்பில் சரியாகப் பொருத்துகிறார்கள். சிலந்திக்கு எட்டு.

வரைந்துகொண்டே இருந்தால் பாடம் எப்படிக் காதில் விழும் என்று கேட்டீர்கள். 2009-ல் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற இங்கிலாந்து உளவியலாளர் 40 பேருக்குச் சலிப்பான ஒரு தொலைபேசிச் செய்தியைப் போட்டுக் காட்டினார். கேட்டுக்கொண்டே தாளில் கட்டங்களை நிழலடித்தவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் பெரியவர்கள், செய்ததும் எளிய வேலை. அதனால் பாட நேரம் முழுக்க வரையலாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போடும்போதும் தேர்வுத் தாளிலும் படம் கூடாது. ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ கேலி செய்யும் படம் எப்போதுமே கூடாது. கம்பளிப்பூச்சியைத் தொடுவது, குளவிக் கூட்டைக் கலைப்பது வேண்டாம் என்று நீங்களும் சொல்லிவையுங்கள்.

சார்லஸ் டார்வின் கேம்பிரிட்ஜில் படித்த நாளில் வண்டு பிடிப்பதில் பித்தாக இருந்தவர். அவர் ஒரு ராட்சத வண்டின் மேல் ஏறிச் சவாரி போவதாக ஆல்பர்ட் வே என்ற நண்பர் வரைந்த வேடிக்கைப் படம் இன்றும் இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்குக் காட்டினோம். "நம்ம ஈ வண்டி மாதிரியே இருக்கு" என்றார்கள்.

உங்களிடம் வேண்டுவது இதுதான். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். மழை விட்டதும் விளக்கு வைத்து ஈசல் பிடித்தது, பொன்வண்டைத் தீப்பெட்டியில் வளர்த்தது என்று தாத்தா பாட்டிகளிடம் எவ்வளவோ இருக்கிறது, அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், பாதி எழுதிய பழைய நோட்டுகள் இருந்தால் திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். படத்துக்கென்று தனி நோட்டு தைத்துக் கொடுக்கப் போகிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தாம் வகுப்பு அறையில் எல்லாப் படங்களையும் கயிறு கட்டித் தொங்கவிடுகிறோம். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக ஆறு மணி வரை பள்ளி திறந்திருக்கும், அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்