பப்பாளி இருக்கட்டும், கரையான் மருந்தைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழோடு வந்த கர்ப்பிணிகளுக்கான இணைப்பை முழுக்கப் படித்தேன். பப்பாளி, அன்னாசி, எள்ளு, கிரகணம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, குங்குமப்பூவை எந்த மாதத்திலிருந்து பாலில் போடுவது என்று ஒன்று விடாமல் இருந்தது. குங்குமப்பூவுக்கு மட்டும் முக்கால் பக்கம். சரி, விளம்பரம் கொடுத்தவர்களையும் பார்க்க வேண்டும்தான். ஆனால் பெண் பிரசவத்துக்கு வருகிறாள் என்றதும் நம் வீடுகளில் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? ஆளைக் கூப்பிட்டுக் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்து அடிக்கிறோம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்தக் கரையான் மருந்தில் பல வீடுகளில் இருப்பது குளோர்பைரிபாஸ். விவசாயம் செய்கிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம், நெல்லுக்கும் பருத்திக்கும் கத்தரிக்கும் அடிப்பது அதேதான். 1965-இல் அமெரிக்காவில் டௌ நிறுவனம் கொண்டுவந்த மருந்து. பூச்சியின் நரம்பில் ஒரு நொதியை முடக்கிக் கொல்கிறது, அதே நொதி நம் நரம்பிலும் இருக்கிறது. தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது. பெரியவர்கள் உடம்பில் இதை உடைத்து வெளியேற்ற உதவும் ஒரு நொதி, பிறந்த குழந்தையிடம் மிகக் குறைவு. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 1990-களின் கடைசியில் ஆரம்பித்த ஆய்வு ஒன்று உண்டு. ஹார்லெம், வாஷிங்டன் ஹைட்ஸ், தெற்கு பிராங்க்ஸ் பகுதிகளில் வசித்த கறுப்பின, டொமினிக்கக் கர்ப்பிணிகளை அதில் சேர்த்தார்கள். நெருக்கமான பழைய அடுக்குமாடிகள், கரப்பான் தொல்லை, கட்டட உரிமையாளர் அனுப்பும் மருந்து ஆள். கர்ப்ப காலத்தில் வீட்டில் பூச்சிக்கு ஏதாவது செய்ததாகச் சொன்னவர்கள் 85 சதவீதம். கடைசி மாதங்களில் அவர்கள் முதுகில் காற்றை உறிஞ்சிப் பதிவு செய்யும் சின்னக் கருவி வைத்த பையை மாட்டிவிட்டு, 48 மணி நேரம் போகிற இடமெல்லாம் கொண்டுபோகச் சொன்னார்கள், படுக்கும்போது கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பரிசோதித்த முதல் மாதிரிகள் அத்தனையிலும் பூச்சிமருந்து இருந்தது. அப்புறம் பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து அளந்து, அந்தக் குழந்தைகள் வளர வளரப் பின்தொடர்ந்தார்கள்.

மூன்று வயதில், ரத்தத்தில் மருந்தளவு அதிகம் இருந்த குழந்தைகள் கை கால் இயக்கத் தேர்வில் சராசரியாக 6.5 புள்ளி பின்தங்கியிருந்தார்கள், கவனம் சிதறும் பிரச்சினையும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. 2011-இல் வெளியான அடுத்த கட்டுரை 265 குழந்தைகளை ஏழு வயதில் சோதித்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் மருந்து கூடக்கூட அறிவுத்திறன் அளவு இறங்கியது. அதைவிட அதிகமாக இறங்கியது, சொன்னதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு யோசிக்கும் திறன். வகுப்பில் டீச்சர் கணக்கை வாயால் சொல்ல, பையன் பாதியில் விட்டுவிட்டு முழிப்பானே, அதற்கு வேண்டிய திறன் அதுதான். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களை வைத்து பெர்க்லி பல்கலைக்கழகம் செய்த ஆய்வும் வெளிவந்தது. அது குளோர்பைரிபாஸ் மட்டுமல்ல, அதே வகையைச் சேர்ந்த பூச்சிமருந்துகளின் எச்சத்தையும் சேர்த்துத் தாயின் சிறுநீரில் பார்த்தது. எச்சம் மிக அதிகம் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கும் மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் ஏழு வயதில் அறிவுத்திறன் அளவில் 7 புள்ளி வித்தியாசம்.

இதைச் சொன்னால் எங்கள் பெரியம்மா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "எங்க காலத்துல டிடிடி பவுடரையே தலையில தேச்சோம், நீங்கல்லாம் நல்லாத்தானடி இருக்கீங்க." இதற்குப் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் அவர் சொல்வது ஒரு வகையில் உண்மை. நாலைந்து புள்ளி குறைந்த ஒரு குழந்தையைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் புள்ளிகள் இருந்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று ஒப்பிட இன்னொரு குழந்தை நம்மிடம் இல்லை. ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும்: நடுவில் இருக்க வேண்டியவர்கள் கொஞ்சம் கீழே, ஏற்கனவே தட்டுத் தடுமாறுகிறவர்கள் இன்னும் கீழே. இந்த ஆய்வுகளை வைத்து 'மருந்து அடித்த வீட்டுக் குழந்தை மந்தமாகத்தான் பிறக்கும்' என்று யாராவது ஒரு கர்ப்பிணியைப் பயமுறுத்தினால் அது அயோக்கியத்தனம். அப்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர்கள் எலியிடம் சோதித்து ஒன்றுமில்லை என்று சொன்னார்களே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1990-களில் டௌ பணம் கொடுத்துச் செய்த அந்தச் சோதனையின் மூலத் தரவுகளை ஸ்வீடன் ஆய்வாளர் ஆக்செல் மீயும் அவரோடு சேர்ந்தவர்களும் வாங்கிப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். குறைந்த அளவு மருந்து கொடுத்த குட்டிகளிலும் சிறுமூளை சுருங்கியிருந்தது எண்களில் தெரிந்தது, அறிக்கையின் முடிவுரையில் மட்டும் அதைக் காணோம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

நியூயார்க் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான் வருகிறது. 2000 ஜூனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை, கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு வீட்டு உபயோகத்துக்கு இந்த மருந்தை நிறுத்தியது, 2001 முடிவோடு கடை விற்பனை முடிந்தது. கரையானுக்கு ஊற்றுவதையும் படிப்படியாகக் குறைத்தார்கள். அதற்குப் பின் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் அளவு மளமளவென்று இறங்கிவிட்டது. அதே தெரு, அதே பழைய கட்டடம், அதே கரப்பான். அந்தப் பெண்கள் திடீரென்று அதிகக் கவனமாக நடக்க ஆரம்பித்ததாக எனக்குத் தெரியவில்லை. கடையில் மருந்து இல்லை, அவ்வளவுதான். நம் இணைப்பில் பக்கத்துக்குப் பக்கம் 'தாய்மார்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று போட்டிருக்கிறீர்களே, எனக்கு எரிச்சல் வந்தது அதனால்தான். எதைச் சாப்பிடுவது, எப்படி உட்காருவது என்பது வரை அவள் பொறுப்பு. தரையைத் துளைத்து என்ன ஊற்றுகிறார்கள் என்பதை மட்டும் அவளிடம் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டிலேயே இது நடக்க இருந்தது. மகளுக்கு வளைகாப்பு முடிந்து அழைத்து வருவதற்குள் நிலைக்கதவில் ஏறியிருந்த கரையானுக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒரு பெஸ்ட் கண்ட்ரோல் ஆளை வரவழைத்தார். தம்பி நல்ல வேலைக்காரர். சுவர் ஓரமாக அடிக்கு ஒரு துளை என்று டிரில் போட அடையாளம் வைத்துவிட்டு, பெயிண்ட் வாளியில் தண்ணீர் பிடித்து மருந்தைக் கொஞ்சம் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது, மண்ணெண்ணெய் போல ஒரு நெடி கூடம் முழுக்க. கையில் உறை இல்லை, மூக்கில் துணி இல்லை. கேனைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் முக்கோணம், 'குளோர்பைரிபாஸ் 20 சதவீதம்'. மஞ்சள் என்றால் கடும் நச்சு வகை, சிவப்புக்கு அடுத்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வரப்போகிறாள் என்று சொன்னதற்கு, "ரெண்டு நாள் ஃபேன் போட்டு வைங்கம்மா, வாடை போயிடும்" என்றார். வாடை போய்விடும், சரி. மருந்து மண்ணில் வருஷக்கணக்கில் இருக்க வேண்டும் என்றுதானே ஐந்து வருட வாரண்டி கொடுக்கிறார்கள்? அவர் கொடுத்த கொட்டேஷனில் சதுர அடிக் கணக்கு இருந்தது, ஜிஎஸ்டி இருந்தது, மருந்தின் பெயர் இல்லை. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். குளியலறைச் சுவரில் ஈரம் கசிந்ததைச் சரி செய்து, அரித்த கட்டையைக் கழற்றி மாற்றியதில் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. எல்லா வீட்டிலும் இப்படி அடங்கும் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குள் இருப்பவர்களாவது ஆளைத் திருப்பி அனுப்பலாம். மருந்து அடித்த மறுநாள் களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. கூலிக்குப் போகிற இடத்தில் நேற்று என்ன அடித்தார்கள் என்று கேட்கவா முடியும்? பல பேருக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே அந்த நாட்களில் தெரிந்திருக்காது.

அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2020 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் தடை செய்யலாம் என்று வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் குளோர்பைரிபாஸ் இருந்தது. 2023-இல் கடைசியாகத் தடையானவை ஒரு கைக்குள் அடங்கும், இது அதில் இல்லை. தமிழ்நாட்டிலும் சில ஆண்டுகளுக்கு முன் 60 நாட்களுக்கு ஆறு மருந்துகளை நிறுத்தி வைத்தார்கள், இதுவும் அதில் ஒன்று. தற்கொலைகளைத் தடுக்கச் செய்தது, நல்ல காரியம். ஆனால் கர்ப்பிணியையோ குழந்தையையோ அந்தப் பேச்சில் யாரும் இழுத்ததாக நினைவில்லை. எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2025-இல் ஜெனீவாவில் கூடி, நிறைய விதிவிலக்குகளோடுதான் என்றாலும், உலகம் முழுக்க ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டன. இந்தியா தனியாக ஏற்றுக்கொண்டால்தான் அது இங்கே செல்லும்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த இணைப்புக்கு முன்னால் நிருபர் ஒருவரை நாலு பெஸ்ட் கண்ட்ரோல் கடைகளுக்கு அனுப்பி, 'வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த மருந்து ஊற்றுவீர்கள், பெயரை எழுதிக் கொடுப்பீர்களா' என்று கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வருகிறதோ அதை அப்படியே போடுங்கள். அப்புறம், வீடுகளுக்குள் ஊற்றும் இந்த மருந்தை யார் சோதிக்கிறார்கள், வேளாண் துறையா, மாநகராட்சியா, சுகாதாரத் துறையா என்று மூன்று இடத்திலும் கேளுங்கள். நான் போன் செய்து கேட்டபோது ஒரு அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டியது. பத்திரிகையிலிருந்து கேட்டால் ஒருவேளை யாராவது பதில் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல்