அரேபியாவின் சரக்கைப் பிரிய விடாதீர்கள்

கான்சஸ் சிட்டி (மிசௌரி, அமெரிக்கா) நகர மன்றத்தாருக்கு,

வணக்கம். உங்கள் சிட்டி மார்க்கெட்டில் உள்ள அரேபியா நீராவிப் படகு அருங்காட்சியகத்தின் குத்தகை 2026-இல் முடிகிறது. அதைப் பார்த்து வியந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: மூழ்கிய அந்தப் படகிலிருந்து மீட்ட சரக்கு மொத்தமும் ஒரே இடத்தில், மிசௌரி ஆற்றங்கரையிலேயே இருக்க வழிசெய்யுங்கள்.

1856 செப்டம்பர் 5 அன்று நீருக்கடியில் கிடந்த வால்நட் மரம் குத்தி அரேபியா மூழ்கியது. பயணிகள் எல்லாரும் பிழைத்தார்கள். கட்டிப்போட்டிருந்த கோவேறு கழுதை ஒன்றுதான் பாவம், செத்துப்போனது. அப்புறம் ஆறே தடம் மாறிவிட்டது. 1987-இல் ஹாலி குடும்பத்தார் கண்டுபிடித்தபோது, படகு மக்காச்சோள வயல் ஒன்றில் 45 அடி ஆழத்தில் கிடந்தது. ஊற்றுநீரை பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே தோண்டினார்கள்.

கிடைத்ததை விற்றுக் காசாக்குவதுதான் முதலில் அவர்கள் எண்ணம். சரக்கைக் கண்ணால் பார்த்தபின் மனம் மாறி, ஒன்றையும் விற்காமல் 1991-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அந்த முடிவுக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஏனென்றால், ஒரு பீங்கான் தட்டைத் தனியாக வைத்தால் அது பழைய தட்டு, அவ்வளவுதான். அதன் பக்கத்தில் ஆணி, பூட்டு, பூட்ஸ், வாசனைத் தைலம், இன்னும் பச்சை நிறம் மாறாத ஊறுகாய் எல்லாம் சேரும்போது, புதிதாகக் குடியேறிய ஒரு வீட்டின் தேவைகள் முழுதாகத் தெரிகின்றன. பருத்தி மட்கிப்போக, கம்பளியும் பட்டும் தப்பியிருப்பதைக்கூட அங்கேதான் சேர்த்துப் பார்க்க முடியும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். சேற்றிலிருந்து எடுத்த மரமும் தோலும் சும்மா உலரவிட்டால் வெடித்துச் சுருங்கிவிடும். அவற்றைப் பதப்படுத்தும் வேலை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. பார்வையாளர் கண்முன்னேயே நடக்கிறது. அதனால் குத்தகை முடிந்தபின் மாறிப்போகும் புதுக் கட்டடத்தில் கண்ணாடிப் பேழைகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கினால் போதாது. அந்த ஆய்வுக்கூடமும் வர வேண்டும், மக்கள் நின்று கேள்வி கேட்கும்படி.

1865-இல் மூழ்கிய பெர்ட்ராண்ட் படகின் சரக்கு அயோவா மாநிலத்தில் அரசின் பொறுப்பில் ஒன்றாகவே இருக்கிறது. அரேபியாவோ ஒரு குடும்பமும் நண்பர்களும் சொந்தப் பணம் போட்டு மீட்டது. இதற்குமேலும் எல்லாப் பாரத்தையும் அவர்கள் தலையிலேயே வைப்பது நியாயமில்லை. நகரத்தின் சார்பில் ஓர் இடமும், இடமாற்றச் செலவில் ஒரு பங்கும் கொடுங்கள்.

அன்புடன்,
அருங்காட்சியகத்தைப் பார்த்துவந்த ஒரு தமிழன்