நூற்றாண்டு மேடையில் வாசகருக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள தம்பி,

வணக்கம். சென்னை நூலகச் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி உங்கள் மாவட்டத்து நூலகர்கள் கூடிப் பேசித் தயாரித்த விழாத் திட்டம் கிடைத்தது. 2028 ஜனவரியில் நூறு நிறைகிறது என்பதை நினைவில் வைத்து, யாரும் சொல்லாமலேயே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். இதற்காகவே உங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். மற்ற மாவட்டங்களிலும் இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

திட்டத்தில் மூன்று நாள் மாநாடு இருக்கிறது. குத்துவிளக்கு ஏற்றுவது, வாழ்த்துரைகள், மலர் வெளியீடு, ஓய்வுபெற்றவர்களுக்குப் பொன்னாடை, ஆய்வுக் கட்டுரை அரங்கம், கேடயம், குழுப் புகைப்படம் எல்லாம் இருக்கின்றன. எதையும் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை பக்கங்களிலும் ‘வாசகர்’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. இரண்டாம் நாள் மாலை நிகழ்ச்சிக்கு ‘வாசகர்களும் வரலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்தச் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதை உங்கள் குழுவினரோடு உட்கார்ந்து ஒருமுறை பேசுங்கள். இந்திய நூலகவியலின் தந்தை என்று நாம் போற்றும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆள் அரவமில்லாத அந்தக் கூடத்தில் சில நாள்கள்கூட அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழையபடி வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். அங்கே குராய்டன் நூலகத்தின் தலைவராக இருந்த பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசானாக வாய்த்தார். பல ஊர் நூலகங்களையும் சுற்றிப் பார்த்தபோதுதான், குழந்தையும் தொழிலாளியும் இல்லத்தரசியும் உரிமையோடு உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் போவதை அவர் கண்டார். 1925-ல் திரும்பி வந்தவருக்குக் கணித வகுப்பின் நினைவே இல்லை.

மூன்றே ஆண்டுகளில் அவருடைய முயற்சியில் சங்கம் உருவானது. அப்போது சென்னை மாகாணத்தில் முறையாகப் பயிற்சி பெற்ற நூலகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சில பேர் தங்கள் நலனைக் காத்துக்கொள்ளத் தொடங்கிய சங்கமாக அது இருந்திருக்கவே முடியாது. ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் பொதுவாழ்வில் இருந்தவர்களும் கைகோத்தார்கள். நூலகத்துக்கென்று ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை விளக்கும் நூலைச் சங்கமே 1931-ல் வெளியிட்டது. அதற்கு அணிந்துரை தந்த பி.எஸ். சிவசாமி ஐயர் வழக்கறிஞர், பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். நூலகம் என்பது படிக்கிற எல்லாருடைய காரியம் என்று நினைத்தவர்களின் கூட்டம் அது. நூற்றாண்டைக் கொண்டாடும்போது நாம் நமக்குள்ளேயே பொன்னாடை போர்த்திக்கொண்டு கலைந்தால், அந்தப் பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

அந்த ஐந்து விதிகளை நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் ஒரு வளரும் உயிர். இவற்றில் ஒன்றுகூட நூலகரைப் பற்றியது இல்லை. முதல் விதிக்குச் சொல் கிடைத்த கதையும் அப்படித்தான். ரங்கநாதன் பலநாள் மனத்துக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்ததை, பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ் ஒரே வாக்கியத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நம் தொழிலின் முதல் விதியைச் சொல்லித் தந்தவர் நூலகத்துக்கு வந்த ஒரு கணித வாத்தியார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஆகவே என் முதல் கோரிக்கை இது. ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு வாசகர் தலைமை தாங்கட்டும். எழுத்தாளரோ பேராசிரியரோ வேண்டாம். அவர்களுக்கு வேறு மேடைகள் இருக்கின்றன. நான் வேலை பார்த்த கிளை நூலகம் ஒன்றில் ஒரு தையல்காரர் இருந்தார். நமக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்துவிடுவார். எடுக்கப் போகும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து தேதிச் சீட்டைத்தான் முதலில் பார்ப்பார். சீட்டில் முத்திரையே விழாமல் பளிச்சென்று இருக்கும் புத்தகமாகப் பார்த்து எடுப்பார். “இதை இதுவரைக்கும் யாருமே கூட்டிக்கொண்டு போகவில்லை, பாவம்” என்பார். மூன்றாம் விதியை அவர் படித்ததில்லை. படித்துப் பட்டம் வாங்கிய நாம் அப்படிப் பார்த்திருக்கிறோமா? அவரைப் போன்றவர்கள் உங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு கிளையிலும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய் அழையுங்கள். அன்றைய கூலியை ஈடுகட்டி, பயணச் செலவும் கொடுத்து அழையுங்கள்.

மலரைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. வாழ்த்துச் செய்திகள், புகைப்படங்கள், நடுநடுவே விளம்பரங்கள் என்று ஒரு மலரைப் போட்டால், அது அடுத்த வாரமே அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அதே பணத்தில், அதே உழைப்பில் உங்கள் மாவட்டத்து நூலகங்களின் வரலாற்றை எழுதலாம். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் போதும். எந்த ஆண்டு தொடங்கியது, முதலில் யார் வீட்டுத் திண்ணையில் இருந்தது, வாடகை வாங்காமல் இடம் விட்டவர் யார், நிலம் எழுதிக் கொடுத்தவர் யார், முதல் பீரோவும் மின்விசிறியும் யார் உபயம், புரவலர்கள் யார் யார் என்று எழுதுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்து, சுவரில் ஒரு பெயர்ப் பலகையோடு திருப்திப்பட்டுக்கொண்ட எத்தனை பேர்! அவர்கள் பெயர் ஓர் அச்சுப் பக்கத்தில் வர வேண்டாமா?

இந்த வேலைக்கு நூல் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காலத்துப் பதிவேட்டில் எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, விலை, எங்கிருந்து வந்தது என்று கட்டம் கட்டமாக மசிப் பேனாவில் எழுதியிருப்பார்கள். முதல் பக்கத்தைப் பார்த்தாலே, ஓர் ஊர் எதைப் படிக்க ஆசைப்பட்டு நூலகத்தைத் தொடங்கியது என்பது தெரிந்துவிடும். கட்டடம் மாறும்போதும் வெள்ளையடிக்கும்போதும் இந்தப் பதிவேடுகள்தான் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. மாநாட்டுப் பந்தலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இவற்றை ஒளிவருடி எடுத்துவிடுங்கள். ஓய்வுபெற்ற ஊர்ப்புற நூலகர்களிடம் கைப்பேசியிலாவது பேச்சைப் பதிவு செய்யுங்கள். சைக்கிளில் புத்தக மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வரைவு அழைப்பிதழில் ‘இந்தியாவின் முதல் நூலகச் சங்கம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். ஆந்திர தேச நூலகச் சங்கம் 1914-லேயே விஜயவாடாவில் தொடங்கப்பட்டுவிட்டது. அய்யங்கி வெங்கட ரமணய்யாவின் உழைப்பு அது. அன்றைக்கு விஜயவாடாவும் நம் சென்னை மாகாணம்தான். வங்க நூலகச் சங்கம் 1925-ல் வந்தது. நமக்குப் பெருமை சேர்க்க உண்மையே தாராளமாக இருக்கிறது. சங்கம் 1929-லேயே கோடைக்கால நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்த முன்வந்தது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த ரங்கநாதன் உருவாக்கிய, உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் படிக்கும் கோலன் பகுப்பு முறையை 1933-ல் அச்சிட்டு வெளியிட்டதும் இந்தச் சங்கம்தான். அச்சகம் வைத்துக்கொண்ட ஒரு பெரிய பதிப்பகம் அதைச் செய்யவில்லை, ஒரு சங்கம் செய்தது. இவற்றைப் போடுங்கள்.

உங்கள் திட்டத்தில் உள்ள மாட்டு வண்டி ஊர்வலம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை, புத்தகங்களை அடுக்கிய மாட்டு வண்டி ஒன்றைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். நம் நடமாடும் நூலகங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. ஆனால் அலங்கரித்த வண்டியை மாவட்டத் தலைநகரில் மேளதாளத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நூற்றாண்டு முழுவதும் ஒரு வண்டி உண்மையிலேயே ஓடட்டும். மாடு வேண்டாம், ஒரு பழைய வேன் போதும். நூலகமே இல்லாத குக்கிராமங்கள், செங்கல் சூளைகள், பனியன் கம்பெனி விடுதிகள் ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறை தவறாமல் போகட்டும். சூளைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கும். அவர்களின் குழந்தைகளுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் படக்கதைப் புத்தகம் கொண்டுபோங்கள். ‘ஒவ்வொரு வாசகருக்கும்’ என்ற விதியில் தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் என்று எழுதவில்லை. வருவதாகச் சொன்ன நாளில் வண்டி வராமல் போனால் அந்தக் குழந்தைகள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். ஆகவே ஓட்டுநர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் ஓராண்டுப் பணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் கொடியசைக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மேடையின் செலவைப் பாதியாகக் குறைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். மீதிக்கு வாசகர் வட்டங்களிடம் போங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ரங்கநாதன் தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். ஐம்பதுகளில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, நூலகச் சட்டத்தைப் பற்றி ஓர் அமர்வாவது வையுங்கள். திட்டத்தில் அது அறவே இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். நூலகத்துக்கு மக்கள் வரியிலிருந்தே நிரந்தர வருமானம் வேண்டும் என்று ரங்கநாதன் முப்பதுகளின் தொடக்கத்திலிருந்தே மாதிரிச் சட்டங்களை எழுதிக்கொண்டிருந்தார். பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. அதற்காக யாரும் ஓய்ந்துவிடவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னையில் நிறைவேறியது. இன்றைக்கும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக வசூலாகிறது. தெருவோரப் பெட்டிக்கடைக்காரர் கட்டும் வரியில்கூட நம் நூலகத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. வசூலான வரி, மாவட்டத்து நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவுக்கு வந்து சேராமல் உள்ளாட்சிகளிடமே நிலுவையாக நிற்பது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி. உங்கள் மாவட்டத்தில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்ற கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கி, மாநாட்டில் வாசகர்கள் முன்னால் படியுங்கள். கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் எழுந்த பெரிய நூலகங்களைப் பார்க்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மழைக்கு ஒழுகும் வாடகைக் கட்டடத்தில் பாலிதீன் விரித்துப் புத்தகத்தைக் காக்கும் ஊர்ப்புற நூலகருக்கு அந்த நிலுவைதான் ஓடு மாற்றும் பணம்.

கேடயம், குழுப் புகைப்படம் இரண்டையும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவற்றில் எனக்குக் கருத்து எதுவும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தமிழிலும் எழுதலாம் என்று அறிவிப்பில் தெளிவாகப் போடுங்கள். இல்லையென்றால் நல்ல அனுபவம் உள்ள கிளை நூலகர்கள் தயங்கி ஒதுங்கிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்தநாளுக்குக் குழு மறுபடி கூடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் தாலுகாவுக்கு இரண்டு வாசகர்களையாவது குழுவில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பதிவேடுகளைத் தேடி ஊர் ஊராகப் போகும் வேலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பஸ் போகும் ஊர் எதுவானாலும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர்